இலைத்துண்டு வேர் விடும், விரல்துண்டு விடாது

(ஹட்டனில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவர்களும் பெற்றோரும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. பேச்சில் வந்த கூறியது கூறல்கள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

தலைவர் அவர்களே, ஆசிரியர்களே, பெற்றோரே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

என்னை அறிமுகம் செய்த ஆசிரியர் “உறுப்புகளைச் செய்கிறவர்” என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கித் தந்துவிட்டார். நன்றி. ஆனால் இதுவரை நான் ஓர் உறுப்பும் செய்ததில்லை. ஆராய்ச்சிக்கு வந்த காலத்திலிருந்து நான் வேலை செய்வது தோலில். அதுவும் முழுத் தோல் இல்லை. அது வியர்க்காது, அதில் மயிர் முளைக்காது, குளிரில் புல்லரிக்காது. எரிகாயத்தை மூடும், அவ்வளவுதான். இந்த அளவுக்கு வரவே பல நாட்டு ஆய்வுகூடங்கள் அரை நூற்றாண்டாக மல்லுக்கட்டியிருக்கின்றன. இழையப் பொறியியல் என்று துறைக்குப் பெயர். நோயாளியின் சொந்தக் கலங்களை எடுத்து, அவை பற்றிப் படர ஒரு சட்டகத்தைக் கொடுத்து, சிதைந்த இழையத்தை மறுபடி உண்டாக்கப் பார்ப்பது. 1993இல் றொபேர்ட் லாங்கர், ஜோசப் வகான்டி இருவரும் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்கு ஓர் உருவம் கொடுத்தது.

இங்கே இருப்பவர்களில் பலர் வீட்டில் தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில் வேலை செய்த ஒருவராவது இருப்பார். விதை போடாமல் துண்டிலிருந்து வளர்க்கும் வீ.பி. தேயிலை எப்படி வருகிறது? தாய்ச்செடியில் ஓர் இலையும் ஒரு கணுவும் சேர வெட்டி, மண் நிரப்பிய பொலித்தீன் பையில் குத்தி, நிழலில் ஈரம் காயாமல் வைத்திருந்தால் வேர் விடுகிறது. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் கொடுத்த டி.ஆர்.ஐ. 2025 போன்ற இனங்கள் மலை மலையாகப் பரவியது இப்படித்தான். அந்தச் சின்னத் துண்டுக்கு வேர் எப்படி விடுவது, தண்டு எப்படி எழும்புவது, எல்லாம் தெரியும். கவ்வாத்துக் கத்தியில் போன விரல்துண்டுக்கு அது தெரியாது. புதைத்தால் மண்ணாகிப் போகும்.

இத்தனைக்கும் விரலின் தோல் கலத்திலும் முழு மனிதனுக்கான பரம்பரைச் செய்தி அப்படியே இருக்கிறது. கலம் தோலாக முதிரும்போது தனக்கு வேண்டாத பக்கங்களை மூடிவிடுகிறது. மூடிய பக்கத்தைத் திறக்கலாம் என்று 1962இல் தவளையை வைத்துக் காட்டினார் ஜோன் கேர்டன். குடலிலிருந்து எடுத்த கலத்தின் கருவை முட்டைக்குள் வைத்தார், வாற்பேய் வந்தது. 2006இல் ஜப்பானில் ஷின்யா யமனாகா நான்கே நான்கு பரம்பரையலகுகளைச் செலுத்தி எலியின் தோல் கலத்தைக் குழந்தைப் பருவத்துக்குத் திருப்பினார். அடுத்த வருஷம் மனிதக் கலத்திலும் அது நடந்தது. 2012இல் இரண்டு பேருக்கும் சேர்த்து நோபல் பரிசு. தானும் பெருகி, வேறு கலங்களையும் உண்டாக்கக்கூடிய இப்படிப்பட்ட கலங்களை மூலக்கலங்கள் என்போம், பத்திரிகைகள் ‘ஸ்டெம் செல்’ என்று எழுதுவது இவற்றைத்தான். இந்தப் பகுதியைப் பரீட்சைக்குப் படிப்பீர்கள், அதனால் வேகமாகப் போகிறேன்.

என் துறை தொடங்கியது யமனாகாவுக்கு வெகு முன்னால், கிட்டத்தட்டத் தற்செயலாக. அமெரிக்காவில் ஹவார்ட் கிரீன் எலியின் கட்டி ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். தட்டில் அவர் எதிர்பார்க்காத கலங்கள் கூட்டமாக வளர்ந்திருந்தன. பார்த்தால் மேற்தோல் கலங்கள். 1975இல் அவரும் ஜேம்ஸ் ரைன்வால்டும் மனிதத் தோல் கலத்தைத் தட்டில் பெருக்கும் வழியை எழுதினார்கள். கதிர்வீச்சால் பெருக முடியாமல் செய்த எலிக் கலங்களை அடியில் பரப்பி, அவற்றின் மேல் மனிதக் கலங்களை வளர்ப்பது. 1983இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் சகோதரர்களான இரண்டு சிறுவர்கள் எரிந்துபோனார்கள். உடம்பில் நூற்றுக்கு 95க்கு மேல். ஒட்டுப் போட எடுக்கத் தோலே மிச்சமில்லை. அக்குளில் தப்பியிருந்த சிறு துண்டை எடுத்து, கிரீனின் ஆய்வுகூடத்தில் வளர்த்து, உடம்பில் ஏறக்குறையப் பாதியை அதனால் மூடினார்கள். இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

அந்தப் படலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் அந்த வேலையின் பயம் தெரியும். ஈரமான வெங்காயச் சருகின் தடிப்புக்கூட இராது. இடுக்கியால் தூக்கினால் மடிந்து சுருண்டுகொள்ளும், பிரித்தால் கிழியும். அதற்கு அடித்தோல் கிடையாது. அதனால்தான் பொஸ்டனில் ஜோன் பேர்க் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் யானஸ் என்ற பொறியியலாளரும் சேர்ந்து அடித்தோலுக்கு ஒரு சட்டகம் செய்தார்கள். மாட்டிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதம், சுறாவின் கசியிழையத்திலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைச் சேர்மம், மேலே சிலிக்கோன் தாள். 1981இல் அதை நோயாளிகளில் வைத்துக் காட்டினார்கள். உடம்பு அந்தப் பஞ்சுக்குள் தன் கலங்களையும் இரத்தக் குழாய்களையும் அனுப்பித் தனக்கு வேண்டிய அடித்தோலைக் கட்டிக்கொண்டது. பேராதனையில் படிக்கும்போது இதை வாசித்துத்தான் நான் இந்தப் பக்கம் திரும்பினேன்.

பிறகு வெளிநாட்டில் ஆராய்ச்சி. ஆய்வுகூட வாழ்க்கையைச் சினிமாவில் காட்டுவது போல நினைத்துக்கொள்ளாதீர்கள். கலங்களை 37 பாகை செல்சியஸில், நூற்றுக்கு 5 காபனீரொட்சைட்டு உள்ள பெட்டியில் வைத்திருப்போம். அவை நீந்துகிற போசணைத் திரவம் ரோஸ் நிறம். கலங்கள் தின்று கழித்து அமிலம் கூடினால் மஞ்சளாகும். காலையில் பெட்டியைத் திறந்து நிறத்தைப் பார்த்தவுடனேயே பசியா, சுகமா என்று தெரிந்துவிடும். கலங்கிப் பால் போல இருந்தால் பக்டீரியா புகுந்துவிட்டது, பல வார வேலை குப்பைக்கு. ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, தைப்பொங்கல் எதுவும் கலத்துக்குத் தெரியாது. பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவரிடம் இதைச் சொன்னபோது, “அப்ப உங்களுக்கும் எங்க வேலதான்” என்றார். சரிதான்.

இன்னொன்று சொல்லாமல் போக மனமில்லை. படலம் கிழியாமல் எடுக்க ஜப்பானியர் ஒரு தட்டு செய்திருக்கிறார்கள். 37 பாகையில் கலங்கள் அதில் ஒட்டியிருக்கும். 20 பாகைக்குக் குளிரவிட்டால் தட்டின் மேற்பரப்பு நீரை உறிஞ்சி, படலம் தானாகக் கழன்று மிதக்கும். நுவரெலியாவில் ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும் என்று நான் சொன்னதற்கு அங்கே யாரும் சிரிக்கவில்லை. நீங்களாவது சிரித்தீர்களே.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தோல் வந்துவிட்டது, கண்ணின் மேற்படலம் வந்துவிட்டது. ஏன் சிறுநீரகம் வரவில்லை? கலத்தை வளர்ப்பது எங்களுக்குப் பெரிய பிரச்சினை இல்லை, அதற்குச் சோறு போடுவதுதான் பிரச்சினை. இரத்த மயிர்க்குழாயிலிருந்து ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று, மிஞ்சினால் ஐந்தில் ஒன்று. அதற்குமேல் தள்ளியிருக்கும் கலத்துக்கு ஒட்சிசன் எட்டாது, செத்துவிடும். மெல்லிய படலம் கீழேயுள்ள காயத்திலிருந்து உறிஞ்சிப் பிழைத்துக்கொள்ளும். தடித்த கட்டி நடுவில் அழுகும். 2017இல் அமெரிக்காவில் ஒரு குழு ஸ்பினாச் என்ற கீரையின் இலையை எடுத்து, அதன் கலங்களையெல்லாம் கழுவி நரம்புகளை மட்டும் விட்டு, அந்த நரம்புக் குழாய்களுக்குள் திரவம் ஓடுகிறதென்று காட்டி, இலையின் மேல் மனித இதயக் கலங்களை வளர்த்தது. கலங்கள் வாரக்கணக்கில் துடித்தன. அழகான பரிசோதனை. ஆனால் அது இதயம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் பலர் மறைத்துவிடுகிறார்கள்.

மறைத்தால் என்ன நடக்கும்? 2011இல் ஸ்வீடனில் பெயர்பெற்ற கரோலின்ஸ்கா வைத்தியசாலையில் மக்கியாரினி என்ற சத்திரசிகிச்சை நிபுணர், நோயாளியின் மூலக்கலங்களைப் பிளாஸ்டிக் குழாயில் பூசி அதை மூச்சுக்குழாயாகப் பொருத்தினார். உலகமே பாராட்டியது. அங்கே அவர் அப்படிப் பொருத்திய மூன்று பேருமே பிறகு இறந்துபோனார்கள். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. கலத்தைப் பூசினால் இரத்த ஓட்டம் தானாக வந்துவிடும் என்று நம்பச் சொன்னார், வரவில்லை.

அதனால் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். முழங்கால் வலிக்கும் நீரிழிவுக்கும் பக்கவாதத்துக்கும் ஒரே ‘ஸ்டெம் செல்’ ஊசி என்று யாராவது சொன்னால், ஈ.பி.எப். சேமலாப நிதிப் பணத்தைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். இரத்தப் புற்றுநோய்க்கும் சில இரத்த நோய்களுக்கும் எலும்பு மச்சை மாற்றுவது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை. தோலும் கண்ணின் மேற்படலமும் சில நிலைகளில் பயன்படுகின்றன. மற்றதில் பெரும்பாலானது இன்னும் பரிசோதனையில்தான் இருக்கிறது. பரிசோதனைக்கு நோயாளியிடம் பணம் கேட்கிறவரைச் சந்தேகப்படுங்கள்.

இப்போது கண்ணுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி என்னுடையதில்லை, ஹைதராபாத்தில் நடந்தது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு இல்லாத வீடு நம் லயங்களில் குறைவு. அந்தச் சுண்ணாம்பு குழந்தையின் கண்ணில் தெறித்தால் என்னவாகும் தெரியுமா? கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்பில்தான் கண்ணின் மேற்படலத்தைப் புதுப்பிக்கும் மூலக்கலங்கள் இருக்கின்றன. காரம் அவற்றை எரித்துவிடும். பிறகு வேறொருவர் கண் கொடுத்தாலும் பயனில்லை, புதுப் படலமும் மங்கிவிடும். நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து மூலக்கலம் எடுத்து வளர்த்து ஒட்டும் முறையை இத்தாலியில் பெலெக்ரினி, டி லூக்கா குழுவினர் 1997இல் காட்டினார்கள். 2015இல் ஐரோப்பா அதை மருந்தாகவே அங்கீகரித்தது. ஆனால் அதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டும், விலையும் அப்படித்தான்.

ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்தில் வைத்தியர் வீரேந்தர் சங்வான் என்ன செய்தார்? நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து சிறு துண்டை எடுத்து, இன்னும் பொடியாக நறுக்கி, பனிக்குடச் சவ்வை விரித்த காயக் கண்ணின் மேல் ஒட்டிவிட்டார். அதே மேசை, அதே வேளை. கலங்கள் கண்ணிலேயே பெருகிப் பரவின. 2012இல் இதை வெளியிட்டார். என் போன்றவர்களின் ஆய்வுகூடமே அங்கே தேவையில்லாமல் போய்விட்டது. வேலை போனதே என்று எனக்கு வருத்தமில்லை, பொறாமைதான். இப்படி ஒன்றை நாம் யோசிக்கவில்லையே!

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தான சங்கத்தின் மூலம் இலங்கையர் தந்த கண்கள் பல நாடுகளுக்குப் போயிருக்கின்றன. 1964இல் முதலில் சிங்கப்பூருக்கு. செத்தவர் கண்ணைக் கொடுக்க முன்வரும் நாட்டில், பிள்ளைப்பேற்றில் வெளியே வரும் நச்சுக்கொடியோடு சேர்ந்த அந்தப் பனிக்குடச் சவ்வைப் பற்றி இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம். 1910இலேயே அமெரிக்காவில் ஒரு வைத்தியர் அதைத் தோல் காயத்துக்குப் போட்டுப் பார்த்தார். தாய்க்கு எய்ட்ஸ், ஈரலழற்சி, சிபிலிஸ் இல்லையென்று பரிசோதித்து, சுத்தம் செய்து, கிளிசரோலில் போட்டோ கதிர்வீச்சுக் கொடுத்தோ வைத்தால் எரிகாயத்துக்கு அருமையான போர்வை. வலியும் குறையும். மலையக வைத்தியசாலைகளில் பிள்ளைப்பேறு நடக்காத நாள் உண்டா? பல்கலைக்கழகம் போகப்போகும் தம்பி தங்கைகளில் யாராவது இதை எடுத்தால் நான் கூட வருவேன்.

அட்டையைப் பற்றிச் சொல்லும்படி ஒரு தங்கை சீட்டு அனுப்பியிருக்கிறார். கொழுந்து பறிக்கிறவர்களுக்கு அட்டைக்கடியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கழற்றினாலும் இரத்தம் நிற்காதே, அதற்குக் காரணம் அதன் எச்சில். மருத்துவ அட்டையின் எச்சிலில் உள்ள ஹிருடின் இரத்தம் உறையாமல் தடுக்கிறது. 1985இல் பொஸ்டனில் ஒரு சிறுவனின் அறுந்த காதை ஒட்டினார்கள். நாளங்கள் அடைத்துக் காது கறுக்கத் தொடங்கியபோது அட்டையை விட்டுத் தேங்கிய இரத்தத்தை உறிஞ்சவைத்துக் காதைக் காப்பாற்றினார்கள். 2004இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அட்டையை மருத்துவ சாதனமாகவே அனுமதித்தது. ஆனால் நம் காட்டு அட்டை வேறு இனம். நாளைக் காலை யாரும் போத்தலில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடாதீர்கள்.

கடைசியாக, தோல் செய்கிற ஆளாக நான் மதிக்கும் ஓர் ஆளைச் சொல்கிறேன். அவர் தோல் செய்யவில்லை. வைத்தியர் விஜய கொடகும்புற, நம் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர். கவிழ்ந்த குப்பி விளக்கால் எரிந்து வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து, கவிழாத விளக்கு ஒன்றை வடிவமைத்தார். மார்மைட் போத்தலைப் பார்த்து வந்த யோசனை. குட்டையாக, கனமான கண்ணாடி, உருளாதபடி தட்டையான பக்கங்கள், திருகி மூடும் தகர மூடி. விழுந்தாலும் மண்ணெண்ணெய் கொட்டாது. 1998இல் அதற்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது. சிலிக்கோனும் கொலாஜனும் சேர்த்து நாங்கள் மூடுகிற காயம், அந்த மூடி இருந்தால் உண்டாகியே இராது.

லயத்தில் இப்போது மின்சாரம் வந்துவிட்டது, விறகடுப்பும் கொதிநீர்க் கேத்தலும் போகவில்லை. எரிந்தால் பற்பசை, முட்டை, மை எதுவும் வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள், ஐஸ் வேண்டாம். குழந்தையென்றால் மற்ற உடம்பைக் கம்பளியால் மூடுங்கள், நம் தண்ணீர் குளிர். கண்ணில் சுண்ணாம்பு விழுந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள், இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு.

சரி, இனிக் கேள்விகளுக்கு வருவோம். ஊசி விளம்பரத் துண்டு யாரிடமாவது இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.