எல்லையை நோய் வரைந்த கவுண்டி: ஹவாய் மாநிலத்தின் கலாவாவ்

[திரை: மலை உச்சியிலிருந்து கீழே பார்க்கும் காட்சி. காற்றுச் சத்தம் மட்டும்.]

வணக்கம். ஒரு மலை விளிம்புல நிக்கிறோம்னு வெச்சுக்கோங்க. காலுக்குக் கீழே கிட்டத்தட்ட செங்குத்தா 1,600 அடி. அதுக்கும் கீழே, கடலுக்குள்ள நாக்கு நீட்டின மாதிரி ஒரு தட்டையான நிலம். வெள்ளையா ஒரு கலங்கரை விளக்கம், குட்டியா ஒரு ரன்வே, மரங்களுக்கு நடுவுல கொஞ்சம் கூரைகள். கண்ணுக்குத் தெரியிற ஊர் அவ்வளவுதான்.

இதுக்குப் பேர் கலாவாவ் கவுண்டி. ஹவாய் மாநிலத்துல மொலோகாய்ங்கற தீவோட வடக்குக் கரையில இருக்கு. 2020 சென்சஸ்ல இங்க இருந்தவங்க 82 பேர். அமெரிக்காவுல மூவாயிரத்துக்கும் மேல கவுண்டி இருக்கு. அதுல இதைவிடக் குறைவான ஜனத்தொகை ஒரே ஒரு இடத்துலதான்: டெக்சஸ்ல இருக்கிற லவிங் கவுண்டி, 64 பேர். நிலப்பரப்புன்னு பார்த்தா கவுண்டிகள்லயே சின்னது இதுதான். மொத்தம் 12 சதுர மைல், நம்ம கணக்குல 31 சதுர கிலோமீட்டர்.

கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு. ஆனா கலாவாவுக்கு கவுன்சில் கிடையாது, மேயர் கிடையாது, உள்ளூர்த் தேர்தல் கிடையாது. நிர்வாகம் மொத்தமும் மாநில சுகாதாரத் துறை கையில. சட்டத்துல இந்தக் கவுண்டிக்குன்னு ஒதுக்கியிருக்கிற ஒரே பதவி ஷெரிஃப். அவரை நியமிக்கிறதும் சுகாதாரத் துறைதான்.

ஒரு மாவட்டத்தை ஏன் சுகாதாரத் துறை ஆளணும்? ஏன்னா இந்த மாவட்டத்தோட எல்லையை வரைஞ்சதே ஒரு நோய். தொழுநோய்.

[திரை: மொலோகாய் தீவின் வரைபடம். வடக்குப் பக்கம் பெரிதாகிறது.]

முதல்ல நிலத்தைப் பார்த்துடலாம். நிலம் புரிஞ்சாதான் இங்க நடந்தது புரியும்.

பல லட்சம் வருஷத்துக்கு முன்னாடி மொலோகாய் தீவோட வடக்குப் பாதி அப்படியே சரிஞ்சு கடலுக்குள்ள போயிடுச்சு. மிச்சம் நின்ன சுவர்தான் இப்ப நாம பார்க்கிற மலை. இந்தக் கரையில சில இடத்துல அது 3,000 அடிக்கும் மேல நிமிர்ந்து நிக்குது. உலகத்துலயே உயரமான கடலோரச் செங்குத்து மலைகள்ல இதுவும் ஒண்ணு. அது நடந்து ரொம்ப காலம் கழிச்சு, அந்தச் சுவரோட அடிவாரத்துல கடலுக்குள்ளேருந்து ஒரு புது எரிமலை கிளம்புச்சு. அது கக்கின குழம்பு பரவி ஆறினதுதான் இந்த நாக்கு. அந்த எரிமலை வாய் இன்னும் இந்த நிலத்துக்கு நடுவுல இருக்கு, கவுஹாகோன்னு பேர். உள்ள ஒரு குட்டி ஏரி. பார்த்தா நம்ம ஊர்க் குளத்தளவுதான் இருக்கும், ஆழம் 800 அடிக்கும் மேல.

ஆக, மூணு பக்கம் அலை அடிக்கிற கடல், நாலாவது பக்கம் சுவர். ரோடு இன்னைக்கும் கிடையாது. மேலேருந்து இறங்க ஒரு ஒத்தையடிப் பாதை இருந்துச்சு, 26 கொண்டை ஊசி வளைவு, மூணு மைல். கோவேறு கழுதை மேல உட்கார்ந்து இறங்குவாங்க. 2018 டிசம்பர்ல நிலச்சரிவு வந்து அதுவும் அடிபட்டுப் போச்சு. கனமான சரக்கெல்லாம் வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை, கடல் கொஞ்சம் அடங்கியிருக்கிற கோடையில, ஒரு தட்டைப் படகுல வந்து இறங்கும். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் ஆனா அடுத்த படகு வரைக்கும் காத்திருக்கணும். ஜனங்க எல்லாரும் கரையில வந்து நிப்பாங்க, அன்னைக்கு ஊர்த் திருவிழாதான்.

இப்படி இருக்கிறதால இது யாருமே வாழாத இடம்னு நினைச்சுடாதீங்க. ஹவாய் மக்கள் இங்க பல நூறு வருஷமா வாழ்ந்திருக்காங்க. காற்றைத் தடுக்க கல்லு அடுக்கி வரப்புக் கட்டி, அதுக்குள்ள சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டாங்க. 1849ல கலிஃபோர்னியாவுல தங்க வேட்டை நடந்தப்ப இங்கேருந்து கிழங்கு கப்பலேறிப் போச்சு. அந்தக் கல் வரப்புகள் இன்னைக்கும் புல்லுக்குள்ள கோடு கோடா தெரியுது. இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. இந்த இடத்தோட கதையைச் சொல்ற பலரும் நோயாளிகள்லேருந்துதான் ஆரம்பிப்பாங்க. அவங்களுக்கு முன்னாடி இங்க இருந்த விவசாயிகளையும் ஊரை விட்டு அனுப்பினாங்க. கடைசிக் குடும்பங்களை 1895ல வெளியேத்தினாங்க. ஒரே நிலத்துல ரெண்டு நாடுகடத்தல். ஒரு கூட்டத்தை வெளிய தள்ளி, இன்னொரு கூட்டத்தை உள்ள தள்ளினாங்க.

[திரை: 1865 என்ற எண்.]

1778ல கேப்டன் குக் வந்ததுக்கு அப்புறம் ஹவாய்க்குக் கப்பல்களோட சேர்ந்து அம்மை, தட்டம்மை, காய்ச்சல்னு வெளி நோய்களும் வந்துச்சு. அதுக்கெல்லாம் உடம்புல எதிர்ப்பே இல்லாத மக்கள். ஜனத்தொகை சரிஞ்சுகிட்டே போச்சு. அந்த வரிசையில தொழுநோயும் சேர்ந்தது. 1865 ஜனவரி 3. அப்ப தனி நாடா இருந்த ஹவாயோட அரசர் ஐந்தாம் கமேஹமேஹா ஒரு சட்டத்துல கையெழுத்துப் போட்டார். தொழுநோய் இருக்குன்னு சந்தேகப்பட்டா யாரையும் பிடிச்சுப் பரிசோதிக்கலாம், உறுதியானா தனியா அனுப்பலாம். 1866 ஜனவரி 6. முதல் 12 பேரைக் கொண்டுவந்து இந்தக் கரையில இறக்கினாங்க.

அதிகாரிகள் என்ன நினைச்சாங்கன்னா, நிலம் இருக்கு, தண்ணி இருக்கு, அவங்களே பயிர் பண்ணிச் சாப்பிட்டுக்குவாங்கன்னு. விரல் மடங்கிப் போன, காலுல உணர்ச்சி இல்லாத ஆட்கள் எப்படி மண்வெட்டி பிடிப்பாங்க? வீடு போதல, மருந்து இல்ல. கிழக்குப் பக்கம் கலாவாவ்ங்கற ஊர்ல குடியேத்தினாங்க. மலை நிழல் விழுந்து சீக்கிரமே இருட்டுற, ஈரமான, காற்று அறையிற பக்கம் அது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மேற்குப் பக்கம் கலாவுபாபாவுக்கு நகர்ந்தாங்க. இப்ப ஊர் இருக்கிறது அங்கதான்.

ஹவாய் மொழியில இந்த நோய்க்கு ஒரு பேர் உண்டு. அர்த்தம்: பிரிச்சு வைக்கிற நோய். எங்க பாட்டி இதைப் பெருவியாதின்னுதான் சொல்வாங்க, அதுவும் குரலைத் தாழ்த்தி. நாம நோயோட பயங்கரத்தைப் பார்த்துப் பேர் வெச்சோம், அவங்க அது குடும்பத்துக்கு என்ன பண்ணுச்சோ அதைப் பார்த்துப் பேர் வெச்சிருக்காங்க.

பிரிவுன்னா சாதாரணப் பிரிவு இல்ல. இங்க பிறந்த குழந்தைகளைப் பெத்தவங்ககிட்டேருந்து உடனே எடுத்துடுவாங்க. கொஞ்ச நாள் குழந்தைகள் காப்பகத்துல இருக்கும், அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்க்கலாம், தொடக் கூடாது. அப்புறம் தீவை விட்டே வெளிய அனுப்பிடுவாங்க. வெளியூர்லேருந்து சொந்தக்காரங்க வந்தாலும் நடுவுல தடுப்பு வெச்ச கூடத்துலதான் பேசணும்.

ஆனா பிரிய மாட்டேன்னு கூடவே வந்தவங்களும் இருந்தாங்க. புருஷனுக்காகப் பொண்டாட்டி, பிள்ளைக்காக அம்மா. நோய் இல்லாதவங்க, தானா வந்தவங்க. அவங்களைக் கோகுவான்னு சொல்வாங்க. துணைக்கு நிக்கிறவங்கன்னு அர்த்தம்.

[திரை: புனித பிலோமினா தேவாலயத்தின் மரத் தரை. அதில் சதுரமான சிறு துளைகள்.]

இந்தத் தரையைப் பாருங்க. பலகையில சின்னச் சின்ன ஓட்டை போட்டிருக்கு. கரையான் அரிச்சதில்ல, வேணும்னே போட்டது.

1873 மே 10ஆம் தேதி பெல்ஜியத்துலேருந்து வந்த ஒரு பாதிரியார் இங்க இறங்கினார். வயசு 33. பேர் டேமியன். நம்ம ஊர்க் கத்தோலிக்கக் கோயில்கள்ல புனித தமியான்னு சொல்றாங்களே, அவரேதான். நோய் முத்தினவங்களுக்கு எச்சில் ஊறிகிட்டே இருக்கும், அடிக்கடி துப்பணும். அதுக்கு வெக்கப்பட்டு அவங்க பூசைக்கே வராம வெளிய நின்னாங்க. டேமியன் என்ன பண்ணார்? ரம்பத்தை எடுத்துக் கோயில் தரையை அறுத்து ஓட்டை போட்டார். உள்ள உட்காருங்க, துப்பணும்னா இதுல துப்பிக்கலாம்னு. அவரைப் பத்தி எவ்வளவோ படிச்சேன், இந்த ஓட்டைதான் மனசுல நிக்குது.

அவர் தச்சு வேலை பார்த்தார், சவப்பெட்டி செஞ்சார், குழி வெட்டினார், புண்ணுக்குக் கட்டுப் போட்டார். 1884 கடைசியில ஒரு நாள் கொதிக்கிற தண்ணியில கால் பட்டும் சுடலையாம். அப்பதான் தனக்கும் வந்துடுச்சுன்னு தெரிஞ்சது. 1889 ஏப்ரல் 15ல 49 வயசுல இறந்தார். அவர் இறக்கிறதுக்கு முன்னாடியே, 1888ல, மரியான் கோப்ங்கற கன்னியாஸ்திரி வந்து சேர்ந்திருந்தாங்க. 30 வருஷம் இங்கயே இருந்து 1918ல இறந்தாங்க, அவங்களுக்கு நோய் தொத்தவே இல்ல. 2009ல டேமியனையும் 2012ல மரியானையும் வத்திக்கான் புனிதர்களா அறிவிச்சது.

டேமியன் இங்க வந்து இறங்கின அதே 1873ல, நார்வேல ஹான்சன்ங்கற டாக்டர் இந்த நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடிச்சார். சாபமில்ல, பாவமில்ல, பரம்பரையா வர்றதும் இல்ல, ஒரு பாக்டீரியா. இன்னைக்கு நமக்குத் தெரியும், சுமார் 95 சதவீதம் பேருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கிற சக்தி உடம்புலயே இருக்கு. ஆனா கிருமியைக் கண்டுபிடிச்சு 70 வருஷத்துக்கு மேல இங்க மருந்து வரல. 1946லதான் சல்ஃபோன் மருந்துகள் ஹவாய்க்கு வந்துச்சு. நோய் அடங்க ஆரம்பிச்சது. அதுக்கப்புறமும் தனிமைப்படுத்தும் சட்டத்தை எடுக்க இன்னும் 23 வருஷம் ஆச்சு. 1969. மனுஷன் நிலாவுல கால் வெச்ச வருஷம். இது எனக்கு ஜீரணிக்கவே முடியாத கணக்கு.

[திரை: ஜனத்தொகை வரைகோடு. 1900லிருந்து கீழே இறங்குகிறது.]

இப்ப எண்ணிக்கைக்கு வருவோம். 1900 சென்சஸ்ல 1,177 பேர். 1905ல ஹவாயைக் கவுண்டிகளாப் பிரிச்சப்ப, இந்தக் குடியிருப்பை மட்டும் வெட்டித் தனியா வெச்சாங்க. சட்டத்துல எல்லை எப்படி எழுதியிருக்குன்னா: கலாவுபாபா, கலாவாவ், வாய்கோலு, அதாவது பொதுவா கலாவுபாபா குடியிருப்புன்னு சொல்லப்படுற பகுதி, இது மாவி கவுண்டில சேராது, தனிக் கவுண்டி. 2000ல 147. 2010ல 90. 2020ல 82.

மத்த கிராமப்புறக் கவுண்டிகள்ல ஜனத்தொகை குறைஞ்சா வேலை இல்ல, இளைஞர்கள் நகரத்துக்குப் போயிட்டாங்கன்னு காரணம் சொல்வாங்க. இங்க அந்தக் கதை கிடையாது. புதுசா குடிவர அனுமதி இல்ல. 16 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க உள்ளயே வரக் கூடாது. அதனால இந்தக் கவுண்டில பள்ளிக்கூடம் கிடையாது, தெருவுல பிள்ளைங்க சத்தம் கேக்காது. அந்த 82 பேர்லயும் பெரும்பாலானவங்க சுகாதாரத் துறை ஊழியர்களும் தேசியப் பூங்கா ஊழியர்களும்தான். பழைய நோயாளிகள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுலதான்.

1969ல கதவு திறந்தப்ப ஏன் எல்லாரும் கிளம்பலன்னு கேக்கலாம். பத்து வயசுல வந்தவருக்கு இப்ப அம்பது வயசு. அப்பா அம்மா இல்ல. கூடப் பிறந்தவங்க பேரையே மாத்திகிட்டு வாழ்றாங்க. முகத்தைப் பார்த்தா பஸ்ல பக்கத்து சீட் காலியாகும். இங்கயோ கல்யாணம் பண்ணிருக்காங்க, தோட்டம் போட்டிருக்காங்க, மீன் பிடிக்கிற இடம் தெரியும். சிறையா இருந்தது வீடாயிடுச்சு. அதனால, விருப்பப்படுறவங்க ஆயுசு முழுக்க இங்கயே இருக்கலாம்னு அரசாங்கம் வாக்குக் கொடுத்தது. 1980ல இதைத் தேசிய வரலாற்றுப் பூங்காவா அறிவிச்சப்பவும் அந்த வாக்கைச் சட்டத்துலயே எழுதி வெச்சாங்க.

நம்ம பக்கத்துக்கும் இதுக்கும் ஒரு தொடர்பு இருக்கு. 1955ல செங்கல்பட்டுப் பக்கம் பொலம்பாக்கத்துல பெல்ஜிய டாக்டர்கள் ஒரு தொழுநோய் மையம் ஆரம்பிச்சாங்க. ஹெமரிக்ஸ்ங்கற டாக்டர் நோயாளிகளை ஒரு இடத்துல அடைக்காம, ஊர் ஊரா வண்டியில போய் மரத்தடியில உட்கார்ந்து மருந்து கொடுத்தார். அந்தக் குழுவோட முயற்சியிலேருந்து வளர்ந்த பெல்ஜிய அமைப்புக்கு டேமியன் பேரைத்தான் வெச்சாங்க. நம்ம மரத்தடியில சனங்க வீட்லேருந்து நடந்து வந்து மாத்திரை வாங்கிட்டுப் போனப்ப, மொலோகாய்ல தனிமைப்படுத்தும் சட்டம் இன்னும் உயிரோட இருந்துச்சு.

[திரை: புல்வெளி. கடலோரம் சாய்ந்து நிற்கும் சில சிலுவைகள்.]

மொத்தம் இங்க அனுப்பப்பட்டவங்க சுமார் 8,000 பேர். பெரும்பாலும் ஹவாயின் பூர்வகுடிகள். அவங்கள்ல பெயர்க்கல் இருக்கிற கல்லறை ஆயிரத்துச் சொச்சம்தான். மிச்சப் பேர் இந்தப் புல்லுக்கு அடியில எங்கயோ. பேரப் பிள்ளைகள் பழைய பதிவேடுகளைப் புரட்டித் தேடுறாங்க. தாத்தாவோட தங்கச்சின்னு ஒருத்தங்க இருந்தாங்கன்னே சிலருக்கு அப்பதான் தெரிய வருது. எல்லாப் பேரையும் பொறிச்சு இங்க ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப 2009ல அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது.

டேமியனோட உடலை 1936ல பெல்ஜியத்துக்குக் கொண்டு போயிட்டாங்க. இங்க இருந்தவங்களுக்கு அது பெரிய வலி. 1995ல அவரோட வலது கையை மட்டும் திருப்பிக் கொண்டுவந்து, பிலோமினா கோயில் பக்கத்துல பழைய குழியிலயே புதைச்சாங்க.

அங்கேருந்து கொஞ்ச தூரத்துல சிலோவாமான்னு இன்னொரு சின்னக் கோயில் இருக்கு. டேமியன் வர்றதுக்கு ஏழு வருஷம் முன்னாடியே, 1866ல, எந்தப் பாதிரியாரும் கூட இல்லாம நோயாளிகளே கூடி ஆரம்பிச்ச சபை அது. அங்க ஒரு பலகையில அந்தக் கணக்கு எழுதியிருக்கு. 12 பொம்பளைங்க, 23 ஆம்பளைங்க.