கல்லெறி தூரம்

நடுவர் அவர்களுக்கும், திருவிழா இரவில் இந்தக் குளிரிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணகிரி மக்களுக்கும் வணக்கம். இறைவனிடம் நம்மை நெருங்க வைப்பது கூடிச் செபிப்பதா, தனித்துச் செபிப்பதா? தனித்துத்தான் என்று பேச வந்திருக்கிறேன். இத்தனை கூட்டத்துக்கு நடுவில், மைக்கைப் பிடித்துக்கொண்டு! சிரிக்காதீர்கள், எனக்கே புரிகிறது.

எனக்கு முன் பேசிய ஆசிரியை, இரண்டு மூன்று பேர் என் பெயரால் கூடும் இடத்தில் நான் இருக்கிறேன் என்ற ஆண்டவரின் சொல்லை எடுத்து வைத்தார். அம்மா, அதை யார் மறுத்தது? ஞாயிறு திருப்பலிக்கு நானும்தான் வருகிறேன். ஆனால் தனியாகச் செபித்தால் தூக்கம்தான் வரும் என்றாரே, அங்கேதான் மாட்டிக்கொண்டார். இயேசு பிடிபட்ட இரவு, கெத்சமனித் தோட்டத்துக்கு வாருங்கள். சீடர்கள் பேதுரு, யாக்கோபு, யோவான். மூன்று பேர், அம்மா சொன்ன அதே கணக்கு. இயேசு கல்லெறி தூரம் விலகிப் போய் முழந்தாள்படியிட்டார் என்கிறார் நற்செய்தி எழுதிய லூக்கா. தூங்கியது யார்? கூடி இருந்தவர்கள். விழித்திருந்தது யார்? விலகிப் போனவர்.

எனக்கு ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். ராகி முற்றுகிற சமயம் பார்த்து யானை இறங்கும். அப்பா ராத்திரி முழுக்கப் பரணில் காவல் இருப்பார். சின்ன வயதில் ஒருநாள் துணைக்குப் போனேன், கையோடு டிரான்சிஸ்டரும். பாட்டு வைத்ததும் அப்பா பிடுங்கி அணைத்துவிட்டார். "யானை அத்தனை பெருசு, ஆனா நடந்தா சத்தமே வராதுடா. ராகித் தாள் ஒடியிறதுதான் நமக்குத் துப்பு" என்றார். அப்புறம் செபமாலையை எடுத்தார். எவ்வளவு நேரம் மணி உருட்டினார், எவ்வளவு நேரம் சும்மா இருந்தார் என்று தெரியாது, நான் தூங்கிவிட்டேன். நாங்கள் இரண்டு பேர் ஆயிற்றே!

பழைய ஏற்பாட்டு இறைவாக்கினர் எலியா ஓரேபு மலைக் குகையில் நின்றபோது பெருங்காற்று வந்தது, நிலநடுக்கம் வந்தது, தீ வந்தது. ஆண்டவர் எதிலும் இல்லை. தீக்குப் பின் அடக்கமான மெல்லிய ஒலி. நம் திருவிழா ஸ்பீக்கருக்கு முன்னால் அது கேட்குமா? சரி, அது எல்லாரும் சொல்வதுதான். அதற்குப் பிறகு நடப்பதைப் பாருங்கள். "நான் ஒருவன்தான் மிச்சம்" என்று புலம்புகிறார் எலியா. பாகால் என்ற வேற்றுத் தெய்வத்துக்கு மண்டியிடாத 7,000 பேர் இஸ்ரயேலில் இருக்கிறார்கள் என்கிறார் ஆண்டவர். ஊருக்குள் இருந்தவரை அந்த மனிதருக்கு இது தெரியவில்லை. தன்னந்தனியாக மலையேறிய பிறகுதான் தெரிந்தது.

தனிமை சுயநலம் என்றார் எதிரணியின் இன்னொரு நண்பர். 2022 மே 15 அன்று நம் தேவசகாயத்தோடு சேர்ந்து புனிதர் பட்டம் பெற்றவர்களில் ஒருவர் சார்லஸ் தெ ஃபூக்கோ. சகாரா பாலைவனத்தில் தனியாக நற்கருணை முன் அமர்ந்திருந்த துறவி. அங்குள்ள துவாரெக் மக்களின் மொழிக்கு அகராதி தொகுத்தவரும் அவரேதான். சுயநலக்காரன் அடுத்தவன் மொழிக்கு அகராதி எழுதுவானா?

ஒரு கேள்வி மட்டும் என்னை உறுத்தியது. ஓசூரில் ஒரே அறையில் ஆறு பையன்கள், ஷிப்ட் மாறி ஷிப்ட் படுக்கிறார்கள். உள்ளறைக்குப் போய்க் கதவை அடைத்துக்கொண்டு வேண்டு என்று ஆண்டவர் சொன்னாரே, அவன் எங்கே போவான்? நியாயம்தான். ஆண்டவருக்கும் சொந்த அறை கிடையாது. கப்பர்நாகும் ஊரில் சீமோன், அதாவது அதே பேதுருவின் வீட்டில் இருந்தார், முந்தின மாலை நகரமே அந்த வாசலில் கூடியிருந்தது. கருக்கலிலேயே எழுந்து தனிமையான இடம் தேடிப் போய்விட்டார். சீமோன் துரத்திக்கொண்டு போய், "எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள்" என்றார். தேடட்டும் என்று அங்கேயே உட்காரவும் இல்லை, அந்த வாசலுக்கே திரும்பவும் இல்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார்.

ஓசூர்ப் பையனுக்கும் கம்பெனி பஸ் வருமுன் ஒரு கருக்கல் இருக்கிறது. போனைப் பையில் போட்டுவிட்டு, நண்பர்களை விட்டு ஒரு கல்லெறி தூரம் தள்ளி நின்றால் போதும். நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், உட்காருகிறேன்.