லேபிளில் 1878 என்று போட்டிருந்தால் அது 1878 ஆகிவிடுமா?

வணக்கம் நண்பர்களே. கிளாஸ்கோவிலிருந்து பேசுகிறேன். ஜன்னலில் மழை அடிக்கிற சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நண்பர் ஒருவர் ஒரு படம் அனுப்பினார். 1890-களின் சிங்கிள் மால்ட் விஸ்கி, அதாவது ஒரே டிஸ்டில்லரியில் (வடிப்பாலையில்), முளைவிட்ட பார்லியை மட்டும் வைத்து வடித்தது. முத்திரை உடையாத பாட்டில், லேபிள் பழுப்பேறிப் போயிருக்கிறது. "விலை படிந்துவிட்டது, வாங்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். அவர் பல வருடம் சேர்த்து வைத்த பணம் அது. ஏன் அவ்வளவு அவசரமாகத் தடுத்தேன் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

2017-இல் ஸ்விட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் ஊரில் நடந்தது இது. அங்கே வால்ட்ஹவுஸ் ஆம் சே என்று ஒரு ஹோட்டல், அதன் விஸ்கி பார் உலகப் புகழ் பெற்றது. சீனாவிலிருந்து வந்திருந்த ஒரு நாவலாசிரியர், அதுவரை திறக்கப்படாமல் இருந்த, மெக்காலன் என்ற ஸ்காட்லாந்து டிஸ்டில்லரியின் 1878 பாட்டிலிலிருந்து ஒரே ஒரு பெக் வாங்கிக் குடித்தார். 2 சென்டிலிட்டர்தான். விலை 9,999 ஸ்விஸ் பிராங்க். செய்தி உலகம் முழுக்கப் போனது, பாட்டிலின் படமும் கூடவே போனது. படத்தைப் பார்த்த விஸ்கி நிபுணர்களுக்கு லேபிளும் கார்க்கும் உறுத்தின. ஹோட்டலும் எதையும் மறைக்கவில்லை, பரிசோதிக்கலாம் என்று ஒப்புக்கொண்டது.

மாதிரி ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனது. 1970-க்கும் 1972-க்கும் இடையில் உருவானது என்று 95 சதவீத உறுதியோடு முடிவு வந்தது. ஸ்காட்லாந்தில் ஃபைஃப் பகுதியில் இருக்கும் ஓர் ஆய்வுக்கூடம் இன்னொரு சோதனை செய்தது. அதில் 60 சதவீதம் மால்ட், 40 சதவீதம் மற்ற தானிய விஸ்கி. அதாவது 1878-உம் இல்லை, சிங்கிள் மால்ட்டும் இல்லை, பல விஸ்கிகளைக் கலந்த சாதாரண பிளெண்ட். அந்த ஹோட்டல்காரர் சீனாவுக்கே விமானம் ஏறிப் போய், நேரில் உண்மையைச் சொல்லி, முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு.

சரி, குடித்துப் பார்த்துச் சொல்ல முடியாததை ஆய்வுக்கூடம் எப்படிச் சொல்லியது? கீழடியில் கிடைத்த கரித்துண்டுகளுக்குக் காலம் கணித்தார்களே, அதே கார்பன்-14 முறைதான். ஆனால் விஸ்கியில் அது வேறு விதமாகக் கைகொடுக்கிறது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தன. அதில் காற்றில் இருந்த கார்பன்-14 ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 1963-இல் சோதனைத் தடை ஒப்பந்தம் வந்த பிறகு அந்த அளவு வருடா வருடம் இறங்கிக்கொண்டே வந்தது. பார்லிப் பயிர் அந்தந்த வருடத்துக் காற்றைத்தான் உள்ளே இழுத்து வளர்கிறது. அந்தக் கார்பன்தான் பிறகு மாவுச்சத்தாகி, சர்க்கரையாகி, ஆல்கஹாலாகி பாட்டிலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. லேபிளில் எந்த வருடத்தையும் அச்சடிக்கலாம். பார்லி எந்த வருடத்துக் காற்றைச் சுவாசித்தது என்பதை மாற்ற முடியாது. 1878 என்று சொல்லும் விஸ்கியில் குண்டுக் கார்பன் இருந்தால், அதோடு பேச்சு முடிந்தது.

இதற்கும் எல்லை உண்டு. குண்டு வெடிப்புகளுக்கு முந்தைய காலத்துக்கு இந்த முறையால் துல்லியமாக வருடம் சொல்ல முடியாது. எந்த டிஸ்டில்லரி என்றும் அது சொல்லாது. அதனால்தான் மற்ற சோதனைகளும் சேர்ந்தே நடக்கின்றன.

நான் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, ஈஸ்ட் கில்பிரைடில், ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களின் சுற்றுச்சூழல் ஆய்வு மையம் இருக்கிறது. 2018-இல் அங்கே 55 அபூர்வ பாட்டில்களைச் சோதித்தார்கள். ஏலத்திலிருந்தும் கடைகளிலிருந்தும் தனியாரிடமிருந்தும் வந்தவை. 21 பாட்டில்கள் போலி, அல்லது சொன்ன வருடத்தில் வடித்தவை அல்ல. அவற்றில் ஆர்ட்பெக் 1885 என்ற பெயரில் வந்த ஒன்றும் உண்டு. அதைவிட முக்கியமான விஷயம், 1900-ஆம் ஆண்டோ அதற்கு முன்போ என்று சொல்லி வந்த சிங்கிள் மால்ட்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஒன்றுகூட! நண்பரின் பாட்டிலை நான் தடுத்ததற்கு இதுதான் காரணம்.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமும் இல்லை. அந்தக் காலத்தில் டிஸ்டில்லரிகள் பெரும்பாலும் விஸ்கியைப் பீப்பாய் பீப்பாயாக வணிகர்களுக்கு விற்றன. அவர்கள் கலந்து பிளெண்டாக விற்றார்கள். டிஸ்டில்லரியே தன் பெயரில் பாட்டிலில் அடைத்தது மிகக் குறைவு. அப்படியிருக்க, இன்று இத்தனை 'பழைய சிங்கிள் மால்ட்' எங்கிருந்து முளைக்கும்?

நானும் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். 1950-களின் பிளெண்ட் என்று சொல்லி ஒருவர் விற்றார். இரண்டு மாதம் அலமாரியில் வைத்து ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தூசி துடைக்கும்போதுதான் லேபிளின் அடியில் கம்பெனி முகவரி கண்ணில் பட்டது. அதில் முழு போஸ்ட்கோடு இருந்தது. பிரிட்டனில் அந்த போஸ்ட்கோடு முறை நாடு முழுக்க வந்து முடிந்தது 1974-இல். அன்று வயிறு எரிந்தது. அதற்குப் பிறகு படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு எழுத்தாகப் படிக்காமல் எதையும் வாங்குவதில்லை. பார்கோடு இருந்தால் அது 60-களின் பாட்டில் கிடையாது. 70 சென்டிலிட்டர் என்று போட்ட பாட்டிலை 80-களுடையது என்று விற்றால் சந்தேகப்படுங்கள், அப்போது இங்கே புழக்கத்தில் இருந்தது 75. பழைய பிரிட்டிஷ் லேபிள் ஆல்கஹால் 40 சதவீதம் என்று சொல்லாது, அதையே பழைய அளவில் 70 புரூஃப் என்று சொல்லும்.

உண்மையான அபூர்வம் எப்படி இருக்கும் தெரியுமா? மெக்காலன் 1926. 263-ஆம் எண் ஷெர்ரி பீப்பாய், 60 வருடம் கிடந்தது, 1986-இல் பாட்டிலில் அடைத்தபோது கிடைத்தவை 40 பாட்டில்கள் மட்டுமே. அதில் 12 பாட்டில்களுக்கு இத்தாலிய ஓவியர் வலேரியோ அடாமி லேபிள் வரைந்தார். அந்தப் பன்னிரண்டில் ஒன்று 2023 நவம்பரில் லண்டன் சாதபீஸ் ஏலத்தில் 21,87,500 பவுண்டுக்குப் போனது. நம் பணத்தில் 20 கோடி ரூபாய்க்கு மேல். விலையைவிட எனக்குப் பிடித்தது ஏலத்துக்கு முன் நடந்த வேலை. பாட்டிலை டிஸ்டில்லரிக்கே கொண்டுபோனார்கள். கார்க்கை மாற்றினார்கள், லேபிளுக்குப் புதிதாகப் பசை போட்டார்கள், உள்ளேயிருந்து 1 மில்லிலிட்டர் எடுத்து இன்னொரு 1926 பாட்டிலோடு ஒப்பிட்டார்கள். அந்த விலையில் விஸ்கிக்கு எவ்வளவு, அதன் பூர்வீகத்துக்கு எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது.

நம்மைப் போன்றவர்களுக்கு நான் சொல்வது மூடிப்போன டிஸ்டில்லரிகள். எடின்பரோவுக்கு ரயிலில் போகும்போது லின்லித்கோவில் பகோடா போன்ற ஒரு கூரை தெரியும். அதுதான் செயின்ட் மேக்டலின். 1983-இல் மூடினார்கள், இப்போது அங்கே குடியிருப்புகள். இனி ஒரு சொட்டுகூட அங்கே வடியாது. அதே வருடம் மூடிய ப்ரோராவும் போர்ட் எல்லனும் இப்போது மறுபடி வேலை செய்கின்றன, ஆனால் பழைய சரக்கு வேறு, புதிய சரக்கு வேறு. இவையும் மலிவு கிடையாது. ஆனால் எப்போது அடைத்தது, எத்தனை பாட்டில் என்ற விவரங்களை இவற்றில் சரிபார்க்க முடியும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பாட்டிலை வெயில் படாமல் நிமிர்த்தி வையுங்கள். ஒயின் மாதிரி படுக்கவைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும்.

கடைசியாக ஒன்று. அபூர்வ விஸ்கிகளின் காலி பாட்டில்கள் இணையத்தில் நல்ல விலைக்குப் போகின்றன. அலமாரி அழகுக்கு மட்டும் யாரும் அவ்வளவு கொடுத்து வாங்குவதில்லை. அவற்றில் மலிவான சரக்கை ஊற்றி மூடி, மறுபடி சந்தைக்கு அனுப்புகிறார்கள். இதோ, போன கிறிஸ்துமஸுக்கு நண்பர்களோடு நான் குடித்து முடித்த பாட்டில். கையில் மார்க்கர் பேனா. லேபிளின் குறுக்கே, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும், அழுத்தமாக ஒரு கோடு போடுகிறேன். ஆயிற்று. உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் இன்றைக்கே போட்டுவிடுங்கள்.