ஹோம்ஸ்கூல் பிள்ளைக்கு ஹெல்த் புத்தகமா? வாங்கும் முன் காய்ச்சல் பாடத்தைத் திறந்து பாருங்கள்!

வணக்கம் மக்களே! 15 வயதுப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரமாகக் காய்ச்சல். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை. என்ன நோய் என்று காட்டிக்கொடுக்கும் அடையாளம் அவன் உடம்பிலேயே இருக்கிறது. கூச்சத்தில் அவன் வாயே திறக்கவில்லை. நீங்கள் வாங்கப்போகும் ஹெல்த் புத்தகம் அவனைப் பேச வைக்குமா?

முதலில் சுருக்கமாக விஷயம். வேலூர், காட்பாடி பக்கம் வீட்டில் வைத்துப் படிக்க வைப்பவர்கள் பலரும் என்ஐஓஎஸ் (தேசிய திறந்தநிலைப் பள்ளி) வழியாகப் பத்தாவது எழுத வைக்கிறார்கள். 14 வயது முடிந்திருந்தால் போதும். அதில் ஹெல்த் கட்டாயப் பாடம் இல்லை. அதனால் கை தானாக அமெரிக்கப் புத்தகத்துக்குப் போகிறது.

(திரையில்: 911, பாரன்ஹீட், லைம் நோய்)

அதில் அவசரத்துக்கு 911, நமக்கு 108. அங்கே உண்ணி கடித்தால் லைம் நோய். அந்த ஊருக்கு அது சரி. நம் ஊருக்கு? இங்கேதான் கொஞ்சம் நிற்கப்போகிறேன்.

ஸ்க்ரப் டைபஸ். வேலூர் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவர்கள் பல வருடமாக ஆராய்ந்துவரும் காய்ச்சல் இது. புதரிலும் புல்லிலும் இருக்கும் மைட் என்ற சிற்றுண்ணியின் குஞ்சு கடித்துப் பரவுகிறது. கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது, கடித்தால் வலிக்காது. பத்து நாள் கழித்துக் காய்ச்சல், தலைவலி. மழைக்காலத்திலும் அதை ஒட்டிய குளிர் மாதங்களிலும் அதிகம். கடித்த இடத்தில் சிலருக்கு ஒரு கருப்புப் பொருக்கு உண்டாகும், சிகரெட்டால் சுட்ட மாதிரி. அரிக்காது, வலிக்காது. எங்கே இருக்கும் தெரியுமா? அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்பில் துணி இறுக்கும் இடம். அதாவது, ஒரு பதின்வயதுப் பிள்ளை அம்மாவிடம்கூடக் காட்டாத இடங்கள்! சீக்கிரம் தெரிந்தால் டாக்சிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரையிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும்.

அதனால்தான் "அந்தப் பாடமெல்லாம் வேண்டாம், வயசு வந்தால் தானாகத் தெரியும்" என்று இனப்பெருக்கப் பாடத்தைத் தாண்டிப் போகும் புத்தகங்களை நான் அடியோடு மறுக்கிறேன். தன் உடம்பின் பாகத்தைப் பெயர் சொல்லிப் பேசப் பழகாத பிள்ளை, டாக்டரிடமும் பேசாது. தப்பான தொடுதலையும் சொல்லாது.

சரி, எதை எடுப்பது? ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டத்துக்காக 2020-இல் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி தயாரித்த கையேடு என் முதல் தேர்வு. இலவசம். மொத்தம் 11 தலைப்புகள்: சத்துணவு, மனநலம், போதைப்பொருள், இனப்பெருக்க நலம், இணையப் பாதுகாப்பு எல்லாம் உண்டு. ஆசிரியருக்காக எழுதியது, அதனால் நீங்கள் முதலில் படித்துவிட்டுப் பிள்ளையோடு உட்கார வேண்டும். சாப்பாட்டுக்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் கேழ்வரகும் பருப்பும் நம் தட்டில் இருக்கிற மாதிரியே இருக்கும். அமெரிக்கப் புத்தகம் ஏற்கெனவே வாங்கியாச்சா? வைத்துக்கொள்ளுங்கள். நோய், முதலுதவி அத்தியாயங்களை மட்டும் நம் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பாம்புக்கடிக்குக் கட்டுப் போடக்கூடாது, கீறக்கூடாது, அசையாமல் ஆஸ்பத்திரி. இது கட்டாயம் இருக்கட்டும்.

அப்புறம், பலரும் மறந்துவிடும் ஒன்று. அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, அவ்வப்போது குடற்புழு மாத்திரை, 10 வயதிலும் 16 வயதிலும் டிடி (ரண ஜன்னி, தொண்டை அடைப்பான்) ஊசி எல்லாம் அங்கேயே கிடைத்துவிடும். வீட்டில் படிக்கும் பிள்ளையைத் தேடி வருவார்கள் என்று நம்பி இருக்க முடியாது. தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் புதன்கிழமை பிள்ளையோடு போங்கள். போய்விட்டு வந்து, எந்தப் புத்தகம் வைத்திருக்கிறீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். அதன் காய்ச்சல் பாடத்தை நான் புரட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.