யு2-வின் 'பாப்': பழி விழுந்த ஆல்பத்துக்கு ஒரு வக்காலத்து

[திரை: ஆல்பத்தின் அட்டை. நான்கு பேரின் முகங்கள், அடிக்கும் வண்ணங்களில்.]

வணக்கம். அயர்லாந்து ராக் பேண்டான யு2-வின் ரசிகர்கள் இரண்டு பேர் உட்கார்ந்தால் எந்த ஆல்பம் உசத்தி என்று வாக்குவாதம் வரும். ஒருவர் 'ஜோஷுவா ட்ரீ' என்பார், இன்னொருவர் 'அக்துங் பேபி' என்பார். எது மோசம் என்று கேட்டால் மட்டும் இருவருக்கும் ஒரே பதில்தான்: 1997 மார்ச் 3 அன்று வந்த 'பாப்'.

நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. டிஸ்கோ கூத்து என்று ஒதுக்கப்பட்ட இந்த ஆல்பம்தான், கடவுளோடு அவர்கள் நேருக்கு நேர் நின்று பேசிய ஆல்பம். முதல் பாட்டைக் கேட்டுவிட்டு எழுந்து போனவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

நான் பேசுவது கொழிஞ்சாம்பாறையில் இருந்து. பாலக்காடு மாவட்டம், பேச்சு தமிழ். கொச்சியின் 13ஏடி பேண்ட் 1990-இலேயே 'கிரவுண்ட் ஜீரோ' என்று ஆங்கில ராக் ஆல்பம் போட்ட மாநிலம் இது. ராக் கேட்டு வளர்ந்த அண்ணன்களுக்கும் சேட்டன்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. அவர்களில் பலர்கூட 'பாப்' என்ற பேச்சை எடுத்தாலே கையை உதறிவிடுவார்கள். இந்த வீடியோ முதலில் அவர்களுக்குத்தான்.

[திரை: நிரம்பிய ஸ்டேடியம், மேலிருந்து.]

யு2 வாசிப்பது அரீனா ராக். அது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடைசி வரிசையில் நிற்பவருக்கும் போய்ச் சேரும்படி எழுதப்பட்ட பாட்டு. டிரம்ஸ் பெரிதாக விழும், கிட்டார் அகலமாகப் பரவும், பல்லவியைக் கூட்டமே பாடும். இந்த வித்தையில் யு2-வை மிஞ்ச ஆள் குறைவு. பாடகர் போனோ, கிட்டாரில் எட்ஜ், பேஸ் கிட்டாரில் ஆடம் கிளேட்டன், டிரம்ஸில் லாரி மல்லன். அயர்லாந்தின் டப்ளினில் பள்ளிப் பருவத்திலேயே சேர்ந்த நால்வர்.

சரி, 'பாப்' மேல் பழி விழுந்த கதைக்கு வருவோம்.

1995 நவம்பரில் லாரிக்கு முதுகில் அறுவை சிகிச்சை. டிரம்மர் இல்லாமலேயே மற்ற மூவரும் வேலையைத் தொடங்கினார்கள். அந்த இடத்தை நிரப்ப ஹவி பி என்ற டிஜே தாளத் துணுக்குகளை, அதாவது லூப்களைக் கொடுத்தார். ஃப்ளட், ஸ்டீவ் ஆஸ்போர்ன் ஆகியோரும் தயாரிப்பில் இருந்தார்கள். லாரி திரும்பி வந்ததும் அவர் கையால் பல பாட்டுகளை மறுபடி வாசிக்க வேண்டியிருந்தது. 1996 கடைசியில் வரவேண்டிய ஆல்பம் தள்ளிப்போனது. இதற்கிடையே மேனேஜர் பால் மெக்கினஸ் 'பாப்மார்ட்' என்ற உலகச் சுற்றுப்பயணத்துக்குத் தேதி குறித்துவிட்டார், பேண்டின் சம்மதத்தோடுதான். 1997 ஏப்ரல் 25 அன்று லாஸ் வேகாஸில் முதல் கச்சேரி. அதைத் தள்ளிவைக்க வழியே இல்லை. பாட்டு இன்னும் ஒரு மாதம் கேட்டது, காலண்டர் கொடுக்கவில்லை.

அதனால் பேண்டே இந்த ஆல்பத்தை முழுதாக முடிக்காத வேலை என்று பிற்பாடு சொல்லத் தொடங்கியது. 2002-இல் வந்த தொகுப்பு ஆல்பத்தில் 'டிஸ்கோதேக்', 'ஸ்டேரிங் அட் த சன்', 'கான்' மூன்றையும் புதிதாக மிக்ஸ் செய்து, அதாவது ஒலிகளை மறுபடி கலந்து, போட்டார்கள். வீட்டுக்காரரே குறை சொன்னபிறகு ஊர் சும்மா இருக்குமா? அமெரிக்காவில் 'அக்துங் பேபி' 80 லட்சம் பிரதிகளுக்கான சான்று வாங்கியது. 'பாப்' 10 லட்சத்தோடு நின்றது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அவசரத்தில் முடிந்தது என்பதாலேயே ஒரு பாட்டு மோசமாகிவிடுமா? அந்தப் புது 'கான்' துப்புரவாக இருக்கிறது, மறுக்கவில்லை. பழைய 'கான்'-இல் எட்ஜின் கிட்டார் ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி அலறும். அந்தப் பதற்றம்தான் அந்தப் பாட்டின் உயிர். புகழ் வாங்கியவன் எதையெல்லாம் கைவிட்டான் என்று கேட்கும் பாட்டு அது. அதைத் துடைத்துப் பளபளப்பாக்கி என்ன பயன்?

[திரை: பன்னிரண்டு பாட்டுகளின் வரிசை.]

இனி பாட்டு வரிசையைப் பாருங்கள். காப்புரிமை காரணமாக இங்கே பாட்டைப் போட முடியாது, ஆகவே சொல்லித்தான் காட்ட வேண்டும்.

நம்ம பக்கத்துக் கோயில் விழாக்களில் பஞ்சாரி என்ற செண்டை மேளம் கேட்டிருப்பீர்கள். முதல் காலம் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம், அதாவது தாள எண்ணிக்கை, ஆற அமர நடக்கும். அப்புறம் 48, 24, 12, கடைசியில் 6. போகப் போக வேகம் ஏறி, கூட்டத்தின் கைகள் தாமாகவே மேலே போகும். 'பாப்' இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறது. உச்சத்தில் தொடங்கி, ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் ஒற்றைக் குரலில் வந்து நிற்கிறது. மேளத்துக்குப் பழகிய காது முதலில் ஏமாறத்தான் செய்யும். ஆனால் இந்த இறக்கம் தற்செயல் இல்லை.

முதலில் 'டிஸ்கோதேக்'. ஒரே ஆட்டம். மூன்றாவதாக வரும் 'மோஃபோ'தான் ஆல்பத்திலேயே சத்தமான பாட்டு. கீழே ஆலை இயந்திரம் ஓடுவது போன்ற பேஸ். அதற்கு மேல் போனோ யாரைக் கூப்பிடுகிறார்? தன் அம்மாவை. ஐரிஸ் என்று பெயர். 1974-இல், தன் தகப்பனாரின் அடக்கத்தன்று மயங்கி விழுந்தவர் பிழைக்கவில்லை. போனோவுக்கு அப்போது வயது 14. அந்தத் துக்கத்தை ஒரு கிட்டாரோடு மெதுவாகப் பாடியிருந்தால் எல்லோரும் கண்ணீர் விட்டிருப்பார்கள். அவரோ நடன அரங்கின் இரைச்சலுக்கு நடுவில், கேட்கவே முடியாத இடத்தில் நின்று கூப்பிடுகிறார். சுற்றுப்பயணத்தில் ஒவ்வொரு இரவும் மேடை ஏறியதும் முதலில் வாசித்த சொந்தப் பாட்டும் இதுதான். ஸ்டேடியம் முழுக்கக் குதித்துக்கொண்டிருக்க, ஒரு பிள்ளை அம்மாவைத் தேடுகிறான். அரீனா ராக்கில் இதைவிடத் துணிச்சலான காரியத்தை நான் கேட்டதில்லை.

'மயாமி' எனக்குப் பிடிக்காது. அதைத் தாண்டிப் போங்கள், ஒன்றும் குறையாது.

பதினோராவது பாட்டு, 'ப்ளீஸ்'. இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

[திரை: 'ப்ளீஸ்' சிங்கிளின் அட்டை, நான்கு அரசியல்வாதிகளின் முகங்கள்.]

வட அயர்லாந்தில் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் பகை முப்பது ஆண்டாக ரத்தம் குடித்துக்கொண்டிருந்த காலம். இந்தப் பாட்டை சிங்கிளாக, அதாவது தனி வெளியீடாக, கொண்டுவந்தபோது அட்டையில் ஜெர்ரி ஆடம்ஸ், டேவிட் டிரிம்பிள், இயன் பெய்ஸ்லி, ஜான் ஹியூம் ஆகிய நான்கு தலைவர்களின் படங்களைப் போட்டார்கள். பாட்டு அவர்களிடம் கெஞ்சுகிறது: உங்கள் கொள்கைப் பிடிவாதத்தை விட்டு இறங்கி வாருங்கள் என்று. லாரியின் டிரம்ஸில் ராணுவ நடை. எட்ஜின் கிட்டார் அழுகையை அடக்கிக்கொண்டு பேசும்.

1998 ஏப்ரல் 10 அன்று சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் மேல் மக்கள் வாக்கெடுப்பு மே 22. அதற்கு மூன்று நாள் முன்பு பெல்ஃபாஸ்ட் வாட்டர்ஃபிரண்ட் ஹாலில் யு2 வாசித்தது. மேடையில் டிரிம்பிளும் ஹியூமும் கை குலுக்க, போனோ இருவரின் கைகளையும் பிடித்து உயர்த்தினார். அட்டையில் இருந்த நால்வரில் இருவர்! பாட்டால் சமாதானம் வந்தது என்று சொல்லவில்லை. ஆனால் டிஸ்கோ கூத்து என்று தள்ளப்பட்ட ஆல்பத்துக்குள் இப்படி ஒரு பாட்டு இருந்ததே, அதை எத்தனை பேர் கவனித்தோம்?

கடைசிப் பாட்டு 'வேக் அப் டெட் மேன்'. ஏசுவைப் பார்த்து, எழுந்து வா, இந்த நாசமான உலகத்தில் நான் தனியாக இருக்கிறேன் என்று கேட்கும் பாட்டு. பின்னால் பல்கேரியப் பெண்களின் கூட்டுக்குரலிலிருந்து எடுத்த ஒரு துணுக்கு நிழலாக வரும். இதை நாத்திகம் என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள். நமக்கு அந்தக் குழப்பம் வரக்கூடாது. கண்ணை இழந்த சுந்தரர் திருவாரூர் ஈசன் முன்னால் நின்று 'வாழ்ந்து போதீரே' என்று கடிந்துகொள்ளவில்லையா? பைபிளில் சங்கீதம் பாடியவனும் எத்தனை நாள் மறைந்திருப்பீர் என்று கேட்டவன்தான். நம்பாதவனுக்கு யாரிடம் கோபம் வரும்? உரிமை இருப்பவன்தான் சண்டை போடுவான்.

[திரை: பாப்மார்ட் மேடை, தங்க வளைவு, ராட்சத எலுமிச்சை.]

மேடையைப் பற்றிப் பேசாமல் முடியாது. நூறடித் தங்க வளைவு, அன்றைக்கு உலகிலேயே பெரிய எல்இடி திரை, நால்வரும் உள்ளிருந்து இறங்கி வர, கண்ணாடி பதித்த ராட்சத எலுமிச்சை. ஓஸ்லோவில் அந்த எலுமிச்சை திறக்காமல் நால்வரும் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். பத்திரிகைகளுக்கு அதுவே போதுமாக இருந்தது. முதல் இரவு லாஸ் வேகாஸில் 'ஸ்டேரிங் அட் த சன்' தடுமாறி நின்றது, மறுபடி தொடங்கினார்கள். பிறகு போனோவும் எட்ஜும் மட்டும் மின்சாரம் இல்லாத அகூஸ்டிக் கிட்டாரோடு அதைப் பாட, பாட்டு நிமிர்ந்துவிட்டது. அடித்தளத்தில் நல்ல பாட்டு இருந்ததால்தானே அது முடிந்தது?

1997 செப்டம்பர் 23 அன்று அதே மேடையை சரயேவோவுக்குக் கொண்டுபோனார்கள். பாஸ்னியப் போர் முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. கோஷேவோ ஸ்டேடியத்தில் சுமார் 45,000 பேர், நேற்றுவரை ஒருவர் மேல் ஒருவர் சுட்ட தரப்புகளிலிருந்து வந்தவர்கள். அன்று போனோவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவர் விட்ட இடங்களைக் கூட்டம் பாடி நிரப்பியது. எலுமிச்சையை வைத்துக் கேலி செய்தவர்கள் இந்த இரவையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

2019 டிசம்பர் 15 அன்று நவி மும்பையில் யு2 வாசித்ததும், ஏ. ஆர். ரகுமான் மேடை ஏறியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அவர்கள் சேர்ந்து செய்த 'அஹிம்சா' பாட்டு தொடங்குவதே ஒரு திருக்குறளில்தான். அந்தப் பாட்டு வழியாக யு2-வுக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு நான் சொல்லும் வழி இது: 'பாப்'-ஐ 'டிஸ்கோதேக்'-இல் தொடங்க வேண்டாம். முதலில் 'ப்ளீஸ்', அப்புறம் 'கான்', பிறகு 'வேக் அப் டெட் மேன்'. இந்த மூன்றும் மனதில் உட்கார்ந்தபிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கி, முதலிலிருந்து வரிசை மாற்றாமல் கேளுங்கள். 2002 மிக்ஸ் வேண்டாம், 1997 ஆல்பத்தையே தேடி எடுங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் போட்டுவிடாதீர்கள். 'மோஃபோ'வின் பேஸ் அதில் வரவே வராது. ஹெட்ஃபோன் இல்லையென்றால் கார் ஸ்டீரியோ வைத்திருக்கும் நண்பரைப் பிடியுங்கள்.