படக்கருவியைக் கீழே வைக்காதவன்

(பாளையங்கோட்டையில் திரைப்பட ஆர்வலர்கள் கூடிய ஓர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

ஒரு மாபெரும் மிருகம் நியூயார்க் நகரைத் தாக்கும் கதையை வைத்து மேட் ரீவ்ஸ் இயக்கி, ஜே. ஜே. ஆப்ரம்ஸ் தயாரித்து, 2008 ஜனவரியில் வெளிவந்த ‘க்ளோவர்ஃபீல்ட்’ படத்தைச் சற்று முன்னர் இங்கே பார்த்தோம். விளக்கு எரிந்தவுடன் என் காதில் விழுந்த முதற்குறை, ‘அந்த மிருகத்தை ஒழுங்காகக் காட்டவேயில்லையே’ என்பது. தலை சுற்றுகிறது என்று ஓரிருவர் வெளியே போய் அமர்ந்ததையும் கண்டேன். கையில் பிடித்த கருவியின் ஆட்டத்தில் கண் அசைவைக் காண, உட்செவியோ உடல் அசையவில்லை என்று சொல்ல, அந்த முரண்பாட்டில் குமட்டல் வருவது இயற்கை. அமெரிக்கத் திரையரங்குகள் சிலவற்றில் இந்தப் படத்துக்கு எச்சரிக்கை அறிவிப்பே ஒட்டினார்கள். அதில் வாதிட ஒன்றுமில்லை. ஆனால் மிருகத்தைக் காட்டவில்லை என்ற குறையை நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

இது கண்டெடுத்த பதிவு என்னும் வகையைச் சேர்ந்த படம். நாம் காண்பது இராணுவத்தின் கைக்கு வந்துசேர்ந்த ஒரு வீடியோப் பதிவு என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறார்கள். ஜப்பானுக்கு வேலைக்குப் போகும் ராப் என்ற இளைஞனை வழியனுப்ப மன்ஹாட்டனில் விருந்து நடக்கிறது; வந்தவர்களின் வாழ்த்துகளைப் பதிவுசெய்யும் பொறுப்பு, வேண்டா வெறுப்பாக, அவன் நண்பன் ஹட்டின் தலையில் விழுகிறது. நகரம் நொறுங்கத் தொடங்கியபின் நாம் காண்பதெல்லாம் ஏறத்தாழ ஹட் கண்டது மட்டுமே. அவனுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. அந்த மிருகம் எங்கிருந்து வந்தது, என்ன வேண்டும் அதற்கு, எதற்கும் விடை இல்லை. படம் ஓடும் வரையில் பின்னணி இசையும் இல்லை. மைக்கேல் ஜியாச்சினோவின் இசை, பெயர்கள் ஓடும்போதுதான் எழுகிறது. எப்போது பயப்பட வேண்டும் என்று நமக்கு முன்கூட்டிச் சொல்ல ஒருவரும் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் செய்ய முடியாது.

நம் பக்கத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்கக்கூடாது. சுடலைமாடன் நள்ளிரவில் மயானத்தில் நிற்பதை யாரும் மேடையில் கொண்டுவந்து நிறுத்துவதில்லை. புலவர் பாடுகிறார், பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுகிறார், குடமும் உடுக்கும் சேர்ந்துகொள்கின்றன, கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை தாயின் மடியை இறுகப் பற்றிக்கொள்கிறது. பார்த்தவன் குரலில் நடுக்கம் இருந்தால் போதும், உருவம் நம் மனத்தில் தானே எழுந்து நிற்கும்.

படத்தின் ஓரிடத்தை மட்டும் உங்களோடு சேர்ந்து திரும்பப் பார்க்க விரும்புகிறேன். சுதந்திர தேவி சிலையின் தலை பறந்து வந்து தெருவில் விழுந்து உருண்டு நிற்கிறது. மக்கள் சிதறி ஓடுகிறார்கள். அடுத்த சில நொடிகளில் திரும்பி வந்து, கைப்பேசியை உயர்த்தி அதைப் படம் பிடிக்கிறார்கள். ஓடுவதா, எடுப்பதா என்று யாரும் யோசிக்கவில்லை. கை தானாக எழுகிறது. தொடுதிரைக் கைப்பேசி பரவத் தொடங்கிய காலத்துப் படம் இது என்பதை நினைத்தால், இயக்குநர் மனிதரை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார் என்பது புரியும்.

‘இத்தனை ஆபத்தில் எவன் படம் எடுத்துக்கொண்டிருப்பான்’ என்று கேட்டவர்களுக்கு நான் 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களை நினைவூட்டுகிறேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறி வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அந்நாள்களில் நம் கைப்பேசிகளுக்கு வந்த காணொளிகளில் வெள்ளம் பாதிதான் தெரிந்தது, மீதி இருட்டும் மழைச்சத்தமும். ‘அந்தா பாரு, படி ஏறிட்டு’ என்று எடுப்பவரின் குரல், ‘எடுத்தது போதும், உள்ள வாலே’ என்று பின்னாலிருந்து ஒரு தாயின் குரல். அந்த இரண்டாவது குரலைக் கேட்டபோதுதான் நமக்கு அடிவயிறு கலங்கியது. அவர்கள் வேடிக்கைக்காக எடுக்கவில்லை. வெளியூரில் இருக்கும் சொந்தக்காரருக்குத் தெரியவேண்டும் என்று எடுத்தார்கள். ஹட்டும் இதையேதான் சொல்கிறான்: நடந்ததை மக்கள் அறிய விரும்புவார்கள் என்கிறான்.

இந்தப் படத்தின் ஆகச் சிறந்த எண்ணம் வேறொன்று என்று நான் கருதுகிறேன். ஹட்டின் கையிலிருக்கும் நாடாவில், ராபும் அவன் காதலிக்கும் பெத்தும் நியூயார்க்கின் கடற்கரைப் பொழுதுபோக்கு இடமான கோனி தீவுக்குப் போய்வந்த ஒரு நாள் முன்பே பதிவாகியிருக்கிறது. அதன்மேல்தான் இந்த இரவு பதிவாகிறது. கருவி நின்று மீண்டும் ஓடும் இடைவெளிகளில், அழியாமல் எஞ்சிய பழைய நாளின் துண்டுகள் எட்டிப் பார்க்கின்றன. காதலை விளக்க ஒரு பாட்டோ வசனமோ தேவைப்படவில்லை. அந்த மகிழ்ச்சியான நாள் நம் கண்முன்னே அழிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது, அழிப்பவர்களுக்கே அது தெரியவில்லை.

குறைகளும் உண்டு. சாய்ந்து கிடக்கும் கட்டடத்தின் உச்சியில் ஏறும்போதும் ஹட் கருவியை விடாதது நம்பும்படியாக இல்லை. கடைசியில் பகல் வெளிச்சத்தில் மிருகத்தின் முகத்தை அவ்வளவு அருகில் காட்டியதையும் தவிர்த்திருக்கலாம். அதற்கடுத்த நொடியில், விழுந்து கிடக்கும் கருவி புல்லையும் இறந்துபோன ஹட்டின் முகத்தையும் மாறி மாறித் தெளிவாக்கத் தடுமாறுவது, அந்த மிருகத்தின் முகத்தைவிடப் பன்மடங்கு கொடுமையானது. தெருவை விழுங்கிவரும் புழுதிப் படலம், நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தகர்ந்த 2001 செப்டம்பர் 11ஆம் நாளின் காணொளிகளை அப்படியே நினைவூட்டுகிறது என்று அமெரிக்க விமரிசகர் சிலர் கடிந்துகொண்டார்கள். அந்தக் கண்டனத்தை எளிதில் தள்ள முடியாது. எனினும், 1954இல் பிகினித் தீவின் அணுகுண்டுச் சோதனையில் ஜப்பானிய மீனவர் கதிரியக்கத்துக்கு ஆளான அதே ஆண்டில்தான் ‘காட்சில்லா’ என்ற ஜப்பானிய மிருகப் படம் வெளிவந்தது. ஓர் ஊர் தன் காயத்தைச் சொல்ல மிருகத்தின் உருவத்தை நாடுவது இந்த வகைப் படங்களின் பிறப்பிலேயே இருக்கிறது.

குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகள் பலர் இங்கே இருப்பதால் இன்னும் ஒன்று. செலவு குறைவு என்பதற்காக மட்டும் இந்த வடிவத்தைக் கையில் எடுக்காதீர்கள். 2010இல் வந்த ‘ட்ரோல்ஹண்டர்’ என்ற நார்வேப் படம் இதே வடிவத்தில் எடுக்கப்பட்டது. அங்கே மலைமேல் செல்லும் உயரழுத்த மின்கம்பிகளை, பூதங்களை அடைத்துவைக்கும் வேலியாக்கிவிட்டார்கள். தங்கள் நாட்டில் தினமும் பார்ப்பதையே கதைக்குள் இழுத்துக்கொண்டார்கள். நமக்குப் பணகுடியிலிருந்து வள்ளியூர் வரை காற்றாலைகள் சுழல்கின்றன. பொதிகை மலை இருக்கிறது. தேரிக்காட்டின் செம்மணல் இருக்கிறது. மிருகத்தை எப்படி வரைவது என்று தொடங்குவதற்கு முன், கருவி யார் கையில் இருக்கிறது, யாருக்குக் காட்ட எடுக்கிறார் என்பதைத் தீர்மானியுங்கள். அவர் கல்லிடைக்குறிச்சிக்காரர் என்றால், பயந்து ஓடும்போது கல்லிடைக்குறிச்சிப் பேச்சிலேயே கத்தட்டும். டப்பிங் கூடத்தில் அந்தக் குரலைச் செப்பனிட்டு மாற்றிவிடாதீர்கள்.