காசு கிடந்த இடம்

நேயர்களுக்கு வணக்கம். பானை நிறையக் கிடைக்கும் புதையலைவிட, உழுத வயலில் ஒற்றையாகக் கிடைக்கும் வெள்ளிக் காசின் மேல்தான் எனக்கு ஆசை அதிகம். புதையல் ஒருவர் வேண்டுமென்றே ஒளித்து வைத்தது. ஒற்றைக் காசு சந்தைக்கோ வேலைக்கோ போனவர் மடியிலிருந்து நழுவியது. அவர் போன தடம் அதில் இருக்கிறது.

இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டரோடு வயலில் நடப்பவர்களுக்குக் கிடைக்கும் காசுகளில் ஒன்று, ஆறாம் ஹென்றி காலத்து 'குரோட்'. நாலு பென்னி மதிப்பு. எடை நாலு கிராமைத் தாண்டாது. முன்பக்கம் கிரீடம் வைத்த முகம். இந்த முகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். 1422-ல் ஹென்றி அரசரானபோது அவருக்கு ஒன்பது மாதம்கூட நிறையவில்லை. கைக்குழந்தை! காசிலோ வளர்ந்த ஆளின் முகம். அந்தக் காலத்தில் எந்த அரசர் வந்தாலும் ஏறக்குறைய இதே முகம்தான். அரசரின் சொந்தச் சாயல் காசுக்கு வந்தது ஏழாம் ஹென்றி காலத்தில்.

சரி, திருப்பிப் பாருங்கள். நீளமான சிலுவை, அதைச் சுற்றி இரண்டு வட்டமாக எழுத்து. பல காசுகளில் உள்வட்டத்தில் 'வில்லா கலீசி', கலே நகரம் என்று லத்தீனில் இருக்கும். இன்று பிரான்சில் இருக்கும் கலே, 1347 முதல் 1558 வரை ஆங்கிலேயர் கையில் இருந்தது. இங்கிலாந்தின் ஆட்டுக் கம்பளி அங்கேதான் விலைபோனது. வாங்க வந்தவர்கள் கொடுத்த வெள்ளி அங்கேயே காசாகி, வியாபாரிகளோடு கடல் தாண்டி வந்தது. ஆக, ஒரு கிராமத்து வயலில் கலே காசு கிடைத்தால், கம்பளிப் பணம் அந்த ஊர்வரை வந்து புழங்கியிருக்கிறது.

அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், கிடந்த இடத்தைக் குறித்து வையுங்கள். 1996-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஒற்றைக் காசு சாதாரணமாகப் புதையலில் சேராது. எடுத்தவர் தாமாக வந்து காட்டினால்தான் உண்டு. அதற்கென்றே 1997-ல் தொடங்கியது, பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் பதிவுத் திட்டம். இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள் காட்டிய 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் அதில் பதிவாகியிருக்கின்றன.

இன்னொன்று, தயவுசெய்து தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குப் போல விபூதி போட்டுத் தேய்த்தால் அரசர் கழுத்தோரம் இருக்கும் கடுகளவு வளையங்கள் மழுங்கிவிடும். 1420-களில் அடித்த காசு என்று சொல்வதே அந்த வளையங்கள்தான்.

நேரமாகிவிட்டது என்று சைகை வருகிறது. ஓரம் கத்தரித்த காசுகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். வெளிவட்ட எழுத்து பாதி இல்லையென்றால், வெள்ளிக்காக யாரோ ஓரத்தை நறுக்கியிருக்கலாம். மதிப்பில்லை என்று அதை ஒதுக்காதீர்கள், அதையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். நன்றி, வணக்கம்.